மணிக்குள் வைத்த பட்டு

அர்ஜுனன் தூக்கத்தில் வேலை பார்ப்பான். தெருவில் இதைச் சொன்னால், "கவர்மெண்டு ஆளுங்க எல்லாருமே அப்பிடித்தாம்மா" என்று சிரிப்பார்கள். அவனுடைய அக்கா நீலாம்பாளுக்குச் சிரிப்பு வராது. வேலையில் தூங்குவது வேறு, தூக்கத்தில் வேலை பார்ப்பது வேறு என்று நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்வாள்.

சொந்த ஊரான முசரவாக்கத்தில் அவர்கள் குடும்பத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அர்ஜுனன். நீலாம்பாள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நெசவுக்காரரான முருகேசனுக்கு வாழ்க்கைப்பட்டுக் காஞ்சிபுரம் வந்து, பட்டு வியாபாரி அப்பாதுரை முதலியார் வீட்டோடு ஒட்டிய அறையில் குடியிருந்தாள். தம்பிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தற்காலிக ஆபரேட்டர் வேலை கிடைத்ததும் அவனும் அங்கேயே வந்து சேர்ந்தான். அறுபத்தொன்பதாம் வருஷம் அது.

அப்போதெல்லாம் ஒருவர் போனைக் கையில் எடுத்தால், எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பலகையில் சின்ன விளக்கு ஒன்று எரியும். ஆபரேட்டர் ஒரு வயரை அந்த விளக்குக்கு நேரான துளையில் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பார். நம்பரைச் சொன்னதும் அந்த வயரின் ஜோடியை எடுத்துக் கேட்ட நம்பரின் துளையில் செருகுவார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் பேச முடியும். "என் தம்பி கை வெக்கலைன்னா இந்த ஊர்ல ஒருத்தருக்கு ஒருத்தர் பேச்சே கிடையாது" என்று நீலாம்பாள் குழாயடியில் சொன்னதுண்டு. குழாயடியில் நின்ற பெண்கள் யாருக்கும் போன் கிடையாது. அவர்கள் பேச்சு ஒரு நாளும் நின்றதும் இல்லை.

அர்ஜுனனுக்கு எப்போதும் இராத்திரி வேலை. காலையில் வந்து குளித்து, நீராகாரம் குடித்து, நனைத்துப் பிழிந்த துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு சுவரோரம் பாயில் படுப்பான். அதே அறையின் மறுகோடியில் நீலாம்பாள் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து, முருகேசனின் தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றுவாள். சுழலும் மூங்கில் கூண்டில் மாட்டிய பட்டு நூல் சிட்டம் தானாகத் திரும்பித் திரும்பி இழையை விடும். அந்த இழை ராட்டினத்தின் முனையில் செருகிய குச்சியில் விரல் பருமனுக்குச் சேரும்; அதுதான் தார். அவள் சுற்றிய தாரில் மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாடாவுக்குள் போட்டால் கடைசிச் சுற்றுவரை அறுபடாமல் ஓடும். கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக வெயில் தூணாக இறங்கும். பட்டுத்தூசி அதற்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ராட்டினம் முனகுவதும் அர்ஜுனன் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று கலந்து, எது எதன் சத்தம் என்று தெரியாமல் போகும். அந்த நேரத்தில் அவளுக்கே தான் விழித்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

சரியாக அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் முதலியாரின் போன் மணி அடிக்கும்.

முதலியாருக்குத் தறிச் சத்தத்திலேயே இளமை கழிந்ததால் காது மந்தம். டெலிபோன் இலாகாவில் சொல்லி, போனிலிருந்த மணிக்குப் பதிலாகப் பெரிய மணியாகக் கேட்டு வாங்கி நடையில் மாட்டியிருந்தார். மூடிபோட்ட மரப்பெட்டி, உள்ளே இரண்டு பித்தளைக் கிண்ணம், நடுவில் ஒரு குட்டிச் சுத்தி. அது அடிக்கிற அடியில் கொல்லையில் படுத்திருக்கும் பசு எழுந்து நிற்கும். அர்ஜுனனும் எழுந்து உட்காருவான். கண் திறக்காது. துண்டு மடியில் விழும். "நம்பர் ப்ளீஸ்" என்பான். வலது கை காற்றில் வயரைத் தேடும்.

ஒருநாள் கைக்கு வயர் கிடைத்துவிட்டது. நீலாம்பாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தால், கூண்டிலிருந்த அரக்குநிறப் பட்டிழை அறையின் குறுக்கே ஓடி, சுவரில் பழைய ஆணி பிடுங்கிய பொத்தலுக்குள் போய் முடிந்திருந்தது. அர்ஜுனன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆரணி லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்று மரியாதையாகச் சொன்னான். வெயில் பட்டு அந்த ஒற்றை இழை சிவப்பாக எரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிட்டம் சிக்காகிவிட்டது.

அவன் விழித்ததும் அவள் கேட்டாள். "இன்னாப்பா, உடம்புக்கு எதுனா பண்ணுதா?"

"தூக்கம் பத்தலக்கா. நேத்து போர்டு மேலயே தலை சாஞ்சிடுச்சு. சூப்பர்வைசர் பாத்துட்டாரு. இன்னொரு தபா தூங்கினா பர்மனென்ட் லிஸ்டுல உன் பேரு போவாதுன்னுட்டாரு."

"நீ சொல்றதுதானே, பகல்ல தூங்க முடியலன்னு?"

"சொன்னேனே. போன் சத்தம் தாங்கல சார்ன்னேன். டெலிபோன் ஆபரேட்டர் சொல்ற பேச்சா இதுன்னு சிரிக்கிறாரு."

அன்று மத்தியானமே நீலாம்பாள் முதலியாரின் மனைவி கமலாட்சியிடம் போனாள்.

"எனக்கும் அந்த மணி ஆவறதில்லடி" என்றாள் கமலாட்சி. "அடிச்சா அடிவயித்துல சுத்தியால தட்டினாப்பல இருக்குது. அவருக்குத் தெரியாம எதுனா பண்ணு. நான் நடையிலயே உக்காந்துக்கினு இருக்கேன். லேசா சத்தம் வந்தாக்கூட நான் போய் அவரைத் தட்டிக் கூப்பிடறேன்."

நீலாம்பாள் கழிவுப் பட்டைக் கொண்டுவந்தாள். வேறொரு ஊராக இருந்தால் கந்தல் துணியை அடைத்திருப்பார்கள். அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை. துண்டு இழைகளை முடிச்சுத் தெரியாமல் முறுக்கிச் சேர்த்து, மூடியைக் கழற்றி, சுத்தியின் தலைமேல் தார் சுற்றுவதுபோலவே சுற்றினாள். பிறகு இரண்டு கிண்ணங்களுக்குள்ளும் வரிசை பிசகாமல் படியவைத்தாள். வேலை முடிந்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மூடி போட்டு மறைக்க மனசே வரவில்லை.

அடுத்த முறை போன் வந்தபோது, தாளில் அகப்பட்ட விட்டில் பூச்சி படபடப்பதுபோல ஏதோ கேட்டது. அர்ஜுனன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அதன்பிறகு வந்தவை நல்ல பகல்கள். தெருவில் சாயம் போட்ட பட்டு மூங்கிலில் காயும். தறிகள் எங்கோ தண்ணீருக்கடியில் அடிப்பதுபோல அடிக்கும். தம்பியின் முகத்தில் சின்ன வயசுக் களை திரும்பி வந்தது. ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே நீலாம்பாள், யாரும் எடுக்காத அழைப்புகள் எங்கே போகும் என்று நினைத்துக்கொள்வாள். பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கிளம்பி வந்த குரல்கள், வேகவதி ஆற்றுக்கு மேலே கம்பியில் காக்கை மாதிரி வரிசையாக உட்கார்ந்து, உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றும்.

நடையில் உட்காருவதாகச் சொன்ன கமலாட்சி இரண்டொரு நாள் உட்கார்ந்தாள். பிறகு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். முதலியார் போனுக்கு எதிரே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். நாளாக ஆக அவர் பேச்சு குறைந்தது.

"நீலா, யாவாரம் படுத்துடுச்சும்மா" என்றார் ஒருநாள். "ஒரு மனுசன் கூப்பிடறதில்ல. நம்மள மறந்துட்டாங்க."

நீலாம்பாளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சுற்றிய தார் ஒன்று தளர்ந்துபோயிற்று. எடுத்துவிடலாம் என்று நடைவரை போனாள். அறைக்குள்ளிருந்து தம்பியின் மூச்சுச் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று திரும்பி வந்தாள்.

அந்த ஒரு நாளைக்குள் விஷயம் முற்றிவிட்டது. காலையில் வேலை முடிந்து வந்த அர்ஜுனன், "நம்ம ஊட்டு போன் பழுதாம்க்கா. பெங்களூர்க்காரங்க கம்ப்ளெயின்ட் கொடுத்துட்டாங்க. இன்னிக்கு லைன்மேன் வர்றாரு" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். படுத்ததும் தூங்கிவிட்டான்.

நீலாம்பாள் ராட்டினத்தை நிறுத்தினாள். இலாகா சாமான்மேல் கைவைப்பது குற்றம். சுவருக்கு இந்தப் பக்கம் இலாகா ஆள் ஒருத்தன் படுத்திருக்கிறான். அவனைவிட்டு அவன் அக்காவைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? பட்டை எடுத்துவிட வேண்டும் என்று அவள் நடைக்கு ஓடினாள். லைன்மேன் தேவசகாயம் அதற்குள் சைக்கிளைச் சாத்திவிட்டு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முதலியார். கோயிலுக்குக் கிளம்பின கமலாட்சி பூக்கூடையும் கையுமாக நின்றுவிட்டாள்.

"அடடே! முதலியாரே, இங்க பாருங்க, மணிக்குள்ள எலி குடித்தனம் பண்ணிக்கினு இருக்குது!" என்று தேவசகாயம் உரக்கக் கத்தினார்.

"எலியா?"

"வேற யாரு? போன மாசம் ஒரு ஊட்டு மீட்டர் பெட்டியில இதே கதைதான். இந்த ஊரு எலிக்கு இருக்கிற கொழுப்பு எங்கயும் இல்லீங்க. மத்த ஊர்ல கந்தல், காயிதம். இங்க பட்டு மெத்தை கேக்குது."

முதலியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். காதுதான் மந்தம், கண் பட்டு வியாபாரியின் கண். "எலி இவ்ளோ நேர்த்தியா சுத்துமா?"

"இதுவா நேர்த்தி? ஒரே குப்பை" என்று தேவசகாயம் விரலை விட்டுக் கிளறினார்.

நீலாம்பாளுக்குக் காது மடல் சுட்டது. முசரவாக்கத்திலும் சரி, இங்கும் சரி, அவள் கைவேலையை ஒருவர் குப்பை என்று சொன்னதில்லை. நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. தம்பியை நினைத்துக்கொண்டாள்.

"சுத்துமுங்க ஐயா" என்றாள். "எலி கைக்கு என்னா தெரியும். வாய்க்கு வந்தபடி சுத்தி வெச்சிருக்குது."

முதலியார் சுத்தியின் தலையிலிருந்த இழைமுனையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். சுற்றுச் சுற்றாகப் பிரிந்து, கடைசிவரை அறுபடாமல் அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. அவர் நீலாம்பாளை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல எலி. தார் சுத்த வேலைக்கு வெச்சிக்கலாம்" என்றார்.

தேவசகாயம் விழுந்து விழுந்து சிரித்தார். கமலாட்சி பூக்கூடைக்குள் எதையோ தேடினாள். பட்டையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, தேவசகாயம் போனில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, "மணி அடிச்சுப் பாரும்மா, டெஸ்டு" என்று சொல்லிவைத்தார்.

மணி அடித்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததையும் சேர்த்து அடித்தது. கொல்லையில் பசு எழுந்தது. சுவருக்குள்ளிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது: "நம்பர் ப்ளீஸ்."

தேவசகாயம் சுவரைப் பார்த்தார். "யாரு அது? நம்ம டிபார்ட்மெண்டு குரலாட்டம் இருக்குது?"

"என்னாப்பா?" என்றார் முதலியார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

நீலாம்பாள் அதற்குள் அறைக்குள் இருந்தாள். அர்ஜுனன் உட்கார்ந்திருந்தான். கை காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மணி நிற்கவே இல்லை. வாயைப் பொத்தலாமா, உலுக்கி எழுப்பலாமா என்று ஒன்றும் புரியாமல் அவன் முன்னால் மண்டியிட்டவள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு கவனமாக, அவ்வளவு பொறுப்பாக, கண்ணை மூடிக்கொண்டு யாருடைய பதிலுக்கோ காத்திருந்தான். பதில் வராமல் அவன் படுக்க மாட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

அவள் அவன் காதருகே குனிந்தாள். "பேசி முடிச்சாச்சுங்க" என்றாள்.

அர்ஜுனன் கொஞ்சம் யோசித்தான். "கட் பண்ணிடட்டுங்களா?"

"பண்ணிடுங்க. ரொம்ப நன்றிங்க."

காற்றில் இருந்த கை எதையோ பிடுங்கிக் கீழே விட்டது. அவன் பாயில் சாய்ந்தான். மணி இன்னும் ஒரு தடவை முழங்கிவிட்டு ஓய்ந்தபோது, அவன் மூச்சு சீராகியிருந்தது. வெளியே தேவசகாயம் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தமும், "எலிப்பொறி வையுங்க முதலியாரே" என்கிற குரலும் கேட்டன.

அதிலிருந்து முதலியார் வீட்டு மணி எப்போதும்போல அடித்தது. பெங்களூர் பேசியது, சேலம் பேசியது. ஒவ்வொரு தடவையும் அர்ஜுனன் எழுந்து உட்கார்ந்து கேட்பான். ராட்டினத்தை நிறுத்தாமலே, நீலாம்பாள் ஒருநாள் ஆரணிக்காரியாகவும் ஒருநாள் வேலூர்க்காரியாகவும் பேசி முடித்து நன்றி சொல்வாள். சில நாள் இரண்டு வார்த்தை கூடப் பேசுவதும் உண்டு. நெசவு எப்படி, மழை எப்படி என்று விசாரிப்பாள். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு படுத்துவிடுவான். எழுந்தபிறகு எதுவும் அவனுக்கு ஞாபகம் இருக்காது. இராத்திரி பலகைமுன் அவன் தலை சாயவில்லை.

பர்மனென்ட் ஆர்டர் ஒரு மத்தியானம் தபாலில் வந்தது. கமலாட்சி வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "எழுப்புடி அவனை!"

நீலாம்பாள் உறையைத் தலைகீழாக இல்லாமல் சரியாகத் திருப்பி, தம்பியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பிறகு அதைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ராட்டினத்தின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"தூங்கட்டும்மா" என்றாள். "தானா எழுந்திருக்கட்டும்."