ஐந்தாவது அம்பு

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவருக்கு இருபத்திரண்டு வருடம். ஒருமுறை தனியாளாக ஓர் இரும்பு பீரோவை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய் வைத்ததிலிருந்து எல்லோருக்கும் அவர் பீரோ அண்ணன்தான். இப்போது இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கம்பெனி ஒரு வழி விட்டது. மேற்பார்வை வேலை தருவார்கள். ஆனால் மாலை வகுப்பில் படித்து இயற்பியல் தேர்வில் தேற வேண்டும். மூன்றே வாய்ப்பு. இரண்டைக் கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவது நாளைக் காலை.

இரண்டுமே ஒரே மாதிரிக் கணக்கில்தான் போயின. சரிவான பலகையில் ஒரு பெட்டி, கயிறு கட்டி மேலே இழுக்கிறார்கள், பெட்டியின் மேல் உள்ள விசைகளை அம்புகளாக வரைந்து கணக்கிடு. எடை, பலகையின் தாங்கல், உராய்வு, கயிற்றின் இழுப்பு என்று நான்கையும் அழகாகப் போடுவார். பிறகு கயிற்றின் மேல் பின்னோக்கி ஐந்தாவதாக ஓர் அம்பு போடுவார். அதுவும் இழுப்பும் சரிக்குச் சரியாகிவிட, பெட்டி கீழே சறுக்கிவிடும்.

"எத்தனை பீரோ ஏத்தியிருப்பேன்! ஒண்ணாவது கீழ போயிருக்கா? இந்தச் சனியன் மட்டும் ஏன் சறுக்குது?"

பென்சில் பறந்துபோய் மனைவியின் தையல் மெஷினுக்கு அடியில் விழுந்தது. அவள் அதை எடுத்துவந்து நோட்டை எட்டிப்பார்த்தாள்.

"இந்த அஞ்சாவது அம்பு என்னங்க?"

"பெட்டி என்னை இழுக்குது. இழுக்கிறவனுக்குத்தானே தெரியும், தோள்பட்டை கழண்டுபோற மாதிரி."

"கேள்வியில பெட்டியைப் பத்தித்தானே கேட்டிருக்கான்? உங்களை யாரு கேட்டா?"

அவருக்குச் சுருக்கென்றது. வகுப்பில் வாத்தியாரம்மா மூன்று மாதமாக, "அண்ணே, பெட்டியை மட்டும் பாருங்க" என்று நாசூக்காகச் சொன்னதும் இதுதான். இப்போதுதான் மண்டையில் ஏறியது. ஏறியதும் எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

தேர்வில் அதே சரிவு, அதே பெட்டி. நான்கு அம்பு போட்டார். ஐந்தாவதற்குக் கை தானாக நீண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்கினார். கூட்டிக் கழித்துப் பார்த்தார். பெட்டி மேலே ஏறியது. இந்த முறை தேறிவிடுவோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இருபத்திரண்டு வருடம் இழுத்திருக்கிறார், முழங்காலையே கொடுத்திருக்கிறார். அவர் இல்லாத படத்துக்குத்தான் மார்க்காம்! கயிற்றின் நுனியில், காலை மடித்துக் குனிந்து இழுக்கும் ஒரு சின்ன ஆளைப் பென்சிலால் வரைந்துவைத்தார். பார்ப்பதற்குக் கொஞ்சம் அவரைப் போலவே இருந்தது.

மணி அடித்தது. மேற்பார்வையாளர் தாள்களை வாங்கிக்கொண்டே வந்தார். மார்க் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், ரப்பரை எடுத்து அந்த ஆளைப் பீரோ அண்ணனே அழித்தார்.