அடையாள அட்டையை உள்ளே வையுங்கோ

பேறு பார்த்தே தலை நரைத்தவளை வகுப்பில் போய் இரு என்றால் கோபம் வராதா? எனக்கு வந்தது. யுத்த காலம். திருகோணமலையில் ஒரு ஆஸ்பத்திரியின் லேபர் வார்டில் நான் நர்சிங் சிஸ்டர். பிள்ளை பிறந்தபின் தொப்புள்கொடியில் மிஞ்சும் இரத்தத்தில் ஸ்டெம் செல் இருக்கிறது, அதைச் சேகரித்து ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று டொக்டர் குமரன் வந்திருந்தார். தாய்மாரிடம் சம்மதம் கேட்பவர்கள் நெறிமுறைப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் பெறவேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சி இங்கே நடக்காது.

“எங்கட பக்கத்துக்கு இப்பிடி ஒண்டு வாறதே பெரிய காரியம், சிஸ்டர். நாளைக்கு எத்தினை பிள்ளையளின்ர நோய் வருத்தத்துக்கு உதவும்! கைநழுவ விடக்கூடாது” என்றார் டொக்டர். அவருடைய ஆசை என்னையும் தொற்றிக்கொண்டது.

பயிற்சி தர மாலினி மிஸ் கண்டியிலிருந்து வந்தார். ஆமி செக்பொயின்ட் தோறும் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி, தலையெல்லாம் புழுதியோடு வந்து சேர்ந்தார். வகுப்பு முடிந்தது. இனி ஒரு தாயிடம் நான் சம்மதம் கேட்பதை அவர் நேரில் பார்க்கவேண்டும்.

கர்ப்பிணிகள் கிளினிக்குக்குக் கிண்ணியாவிலிருந்து படகேறி வந்திருந்த பரீதாவைக் கூப்பிட்டேன். நிறைமாதம்.

“தங்கச்சி, ஒரு விசயம் கேக்கலாமோ?”

அவ்வளவுதான் சொன்னேன். அவள் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை என் மேசையில் வைத்தாள்.

“எங்க மிஸ்ஸி சைன் வைக்கணும்?”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே!”

“நீங்க கேட்டா தரத்தானே வேணும்.”

எனக்குச் சுருக்கென்றது. மேசைக்குப் பின்னால் யூனிபோர்மில் ஒருவர் இருந்தால் எங்கள் எல்லோருடைய கையும் தானாகவே அட்டையைத் தேடும். லிங்கநகர் வீட்டிலிருந்து வேலைக்கு வருவதற்குள் செக்பொயின்டுகளில் நானே எத்தனை தரம் நீட்டுகிறேன்! மாலினி மிஸ்ஸின் வகுப்பில் இதற்குப் பாடம் இருக்கவில்லை.

“இதை உள்ள வையுங்கோ” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். “விருப்பமில்லாட்டில் மாட்டன் எண்டு சொல்லலாம். வீட்டில கதைச்சுப்போட்டு அடுத்த கிளினிக்குக்குச் சொல்லுங்கோ.”

டொக்டருக்குப் பொறுக்கவில்லை. “வந்த ஆளை அனுப்பிப்போட்டியளே! நாளைக்கு ஆமி பாதையைப் பூட்டினால் ஆர் வருவினம்?”

மாலினி மிஸ் சான்றிதழையும் தரவில்லை. “அவ வந்து என்ன சொல்லுறா எண்டு பார்ப்பம்” என்று டவுனில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டார். அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பரீதா வந்தாள். உள்ளே வராமல் கதவடியிலேயே நின்றாள்.

“மிஸ்ஸி, ஏலா. கொடிய அப்பிடியே ஊட்டுக்குக் கொண்டுபோய் அடக்கணும், ஒண்டும் எடுக்க உடாத எண்டு உம்மா சொல்லிட்டா.” கண் கலங்கியிருந்தது. “என்ட புள்ளப்பேற இஞ்ச பாப்பீங்கதானே?”

பாவம், அந்தக் கேள்வியோடுதான் அவள் கிழமை முழுக்க நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறாள்.

“பார்க்காமல் விடுவமோ? நானே பக்கத்தில நிப்பன்” என்று அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

மாலினி மிஸ் பேனையை எடுத்தார். “இப்பதான் உங்கட பயிற்சி முடிஞ்சுது, சிஸ்டர்.”

“முதல் ஆளே ஏலாது எண்டிட்டா. நல்ல ஆராய்ச்சி!” என்று தலையிலடித்துக்கொண்டார் டொக்டர். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பரீதாவுக்கு ஆண்பிள்ளை. சொன்னபடி நான் நின்றேன். கொடியை அவளுடைய உம்மா துணியில் சுற்றிக் கொண்டுபோனார். பிள்ளைக்கு ஊசி போட வந்த நாளில், கிளினிக் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்: “வேணாமெண்டு சொன்னா ஒண்டும் செய்ய மாட்டாங்க. என்னை நல்லாத்தான் பாத்தாங்க.”

சம்மதம் கேட்கும் வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதிரில் இருப்பவருக்கு மறுக்க இடம் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். படிவம் பிறகு.

பரீதா சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பலகாமத்துப் பெண் ஒருத்தி அன்றே என்னிடம் வந்தாள். “எடுத்தால் பிள்ளைக்கு நோகுமோ? விக்கிறியளோ? பிறகு மனம் மாறினால் என்ன செய்யிறது?” என்று என்னைக் குடைந்து எடுத்தாள். கடைசியில், “சரி மிஸ்ஸி, எடுங்கோ” என்று கையெழுத்துப் போட்டாள். அவளுடைய அடையாள அட்டை கைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை.