சீட்டி நின்ற ஞாயிறு

கப்பலில் சீட்டியடித்தால் புயல் வரும் என்பார்கள் லிவர்பூல் மாலுமிகள். சமையல்காரர் வில்ஃப் ரிம்மருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. உலர்திராட்சையில் கை வைத்துவிட்டால் அவர் சீட்டியடித்தே தீர வேண்டும். சீட்டியடிக்கிற வாய் திராட்சை தின்னாதல்லவா!

போரில் ரிம்மர் ஏறிய இரண்டு சரக்குக் கப்பல்கள் ஜெர்மன் டார்பிடோ பட்டு மூழ்கியிருந்தன. இரண்டு முறையும் படகேறித் தப்பினார். ஆனால் அவர் செய்து வைத்த திராட்சைப் புட்டிங் ஒருவர் வாயிலும் படாமல் கடலுக்குள் போனது. ஜெர்மன்காரர்கள்மேல் அவருக்கிருந்த தீராத ஆத்திரம் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நடு அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகள் ஓநாய்க் கூட்டம்போலக் கப்பல் வரிசையைச் சூழ்ந்துகொண்டன. திடீரென்று பெரிய வெடிச்சத்தம். கப்பலே குலுங்கியது, சட்டிகள் உருண்டன. சமையலறையில் சீட்டி நின்றுபோனது.

மாலுமிகளின் மேஸ்திரி மக்கின்னன் பதறிப்போய் ஓடிவந்தார். "வில்ஃப்! உசிரோட இருக்கியாய்யா?"

ரிம்மரின் இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன. திராட்சைக் கிண்ணம் காலி.

"அட பாவி! வெடிச்சது நம்ம காவல் கப்பல் போட்ட குண்டுய்யா! நமக்கு ஒண்ணும் ஆகல!"

ரிம்மர் சிரமப்பட்டு விழுங்கினார். "அத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? மூணாவது தடவையும் மீனுக்கா படைக்கறதுன்னுதான்..."

நீர்மூழ்கிகள் விலகிப் போயின. மதியம் மக்கின்னன் தன் தட்டிலிருந்த வெறும் புட்டிங்கைக் கரண்டியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஜெர்மன்காரன் குறி தப்பிடுச்சு, வில்ஃப். உன் குறிதான் தப்பல."