என் போனிலிருந்து போன குரல்

புத்தூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மகளின் ஸ்கூலிலிருந்து போன் வந்ததும், பிள்ளைக்கு ஏதோ அடிபட்டுவிட்டது என்றுதான் ஓடினேன். அடிபட்டது வேறொரு பெண்ணுக்கு.

எட்டாம் வகுப்பில் என் மகளோடு படிக்கும் அந்தப் பெண் லால்குடியிலிருந்து ரயிலில் வருபவள். பேச்சு திக்கும். அவள் பாடம் வாசிப்பதுபோலவே திக்கிப் பேசிப் பதிவு செய்து, என் மகள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள், என் போனிலிருந்து. நான்கு நாளாக அந்தப் பெண் ஸ்கூலுக்கு வரவில்லை.

"விளையாட்டுக்குப் பண்ணியிருப்பா மிஸ்" என்று என் வாய் முந்திக்கொண்டது. வகுப்பு டீச்சர் தன் போனில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். மகளின் குரலுக்குப் பின்னால், அடுப்படியில் நான் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"நாளைக்கே எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்" என்றேன்.

"வேணாங்க. மறுபடியும் எல்லாரும் அந்தப் பொண்ணைத்தான் திரும்பிப் பாப்பாங்க. அவளுக்கு என்ன வேணும்னு கேப்போம்."

என் எதிரிலேயே அவளுக்குப் போன் செய்தார். அவள் சொல்லி முடிக்க வெகுநேரமானது. ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்காமல் டீச்சர் காத்திருந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எல்லாரும் அந்தப் பதிவை அழிக்க வேண்டும்.

"எல்லாருந்தான்ம்மா சிரிச்சாங்க" என்று வீட்டில் மகள் அழுதாள்.

"அனுப்பினது நீதானடி."

குழுவிலிருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் மகளே போன் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தோழியின் அம்மா, "இதுக்குப் போயி இவ்வளவா?" என்று சிரித்தார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அவ ஸ்கூலுக்கே வரல ஆன்ட்டி. அழிக்கச் சொல்லிடுங்க, ப்ளீஸ்."

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். மகள் எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாளாம்.

"இன்னும் என்கூடப் பேச மாட்டேங்கிறாம்மா."

"அது அவ இஷ்டம். நீ கட்டாயப்படுத்தாத."

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பெண்ணின் அம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இப்பல்லாம் பிள்ளை அழாம ஸ்கூலுக்குக் கிளம்பிடுதுங்க" என்றார். பிறகு டீச்சரைப் பார்க்கும் வரிசையில் போய் நின்றார். நானும் அவருக்குப் பின்னால் நின்றேன்.