மாத்தளையிலிருந்து பல்லேகமவுக்கு: ஒரு நியமனக் கடிதமும் நின்று நின்று போன காரும்

ஆறு வருடம் காத்திருந்த என் மனைவி சுமதிக்குப் போன மாதம் ஆங்கில ஆசிரியை நியமனம் கிடைத்தது. பாடசாலை பல்லேகமவில். கடிதத்தில் குறித்திருந்த திங்கட்கிழமை, பாடசாலை விடும் ஒன்றரை மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் நியமனம் ரத்தாகிவிடும். ஆகவே இது ஊர் சுற்றப் போன பயணம் அல்ல. ஆனாலும் பழைய காரில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மாத்தளையில் காலை 8.40க்குக் கிளம்பினோம். ரத்தோட்டை வழி மலைப்பாதை அழகுதான், ஆனால் என் காரை நம்பி ஏறத் துணிவில்லாமல் நாவுல வழியாகச் சுற்றிப் போனோம். இரண்டு வாரமாகவே சூடேறினால் இன்ஜின் சட்டென்று அணைந்துவிடும், ஆறினால் கிளம்பும். இன்ஜினின் சுழற்சியைக் கவனிக்கும் கேம்ஷாப்ட் சென்சரில் பிழை என்று மாத்தளைக் கராஜில் சொன்னார்கள். புதிதாக ஒன்று மாட்டியும் இருந்தேன். "பஸ்ஸுல போயிடலாங்க" என்று சுமதி முதல்நாளே சொன்னாள். நான் கேட்டால்தானே?

வழியில் மூன்று தடவை நின்று, ஆறவைத்து, இருபத்தாறு கிலோமீட்டர் தாண்டி நாவுல வந்தபோது மணி 11.20. அங்கே ஒரேயடியாக நின்றுவிட்டது. பல்லேகம பஸ்ஸும் போய்விட்டது. ஸ்டாண்டில் ஒரு ஆட்டோகூட இல்லை. சுமதி கடிதத்தை மடியில் வைத்துப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

பக்கத்துக் கராஜ்காரர் ரியாஸ் நானா வந்து பொனட்டைத் திறந்ததும் மூன்று தும்மல் போட்டார். எலி வயரைக் கடிக்காமலிருக்க உள்ளே நான் கட்டித் தொங்கவிட்ட மிளகுப் பைதான் காரணம். இந்த வலைப்பூவிலேயே அந்த யோசனையைப் பெருமையாக எழுதியிருக்கிறேன்.

சென்சரின் பிளக்கைக் கழற்றிச் சாவியைப் போடச் சொன்னார். அதில் மூன்று வயர். கரண்ட் வரும் வயரில் அவருடைய வோல்ட் மீட்டர் 5 வோல்ட் காட்டியது. அது சரி. அடுத்தது எர்த் வயர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை அந்த வயரிலும் வைத்தார். 12.4 காட்டியது, அதுவும் சரி. அப்புறம் வயர்க்கட்டை மெல்ல ஆட்டினார். மீட்டர் பூச்சியத்துக்கு விழுந்தது.

"சென்சர்ல பிழையில்ல தம்பி. எர்த் வயர் உள்ளுக்கு அறுந்திரிக்கு. சூடானா, குலுங்கினா விட்டுப்போகும். இந்தப் பையிட பாரம் இழுத்துத்தான் அறுந்திரிக்கு, யாரு இத இந்த வயர்ல கட்டின?"

"இவருதான் நானா, எலிக்குப் பயந்து" என்றாள் சுமதி.

"எலி கடிச்சிருந்தா வெளியில அறுந்தது நேரத்தோட தெரிஞ்சிருக்குமே!"

அரை மணித்தியாலத்தில் புது வயர்த் துண்டு வைத்து ஈயத்தால் ஒட்டி, இன்ஜினை ஓடவிட்டு மறுபடி ஆட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. கூலி 3,500 ரூபாய். 12.05க்குப் புறப்பட்டோம். வழியிலிருக்கும் நீர்த்தேக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் டாஷ்போர்ட் விளக்கைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

1.05க்குப் பாடசாலை வாசல். சுமதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். 1.20க்குத் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "கையெழுத்துப் போட்டாச்சு, தரம் ஆறு வகுப்பு எனக்குத்தாங்க" என்றாள்.

போகிறவர்களுக்கு: முக்கியமான வேலையென்றால் பஸ்ஸில் போங்கள். சென்சர் வாங்குமுன் வயரை மீட்டர் வைத்து, ஆட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். என் பேச்சைக் கேட்டு மிளகுப் பை கட்டியவர்கள் மன்னித்து, இன்றே அவிழ்த்துவிடுங்கள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு மீட்டர் வாங்கித் தருவதாகச் சுமதி சொல்லியிருக்கிறாள், இனி மிளகைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு.