வாரண்டி அட்டையின் மூன்றாவது கட்டம்

"11.10.2005. 15,020 கி.மீ. டயர் இடமாற்றம், அலைன்மென்ட்." என் காரின் டயர் வாரண்டி அட்டையில் மூன்றாவது கட்டத்தில் இப்படி இருக்கிறது. எழுத்தும் ஒப்பமும் கடை மெக்கானிக்குடையவை. தேதி நான் சொன்னது. அந்த வேலை நடக்கவே இல்லை.

ஓசூரில் பாகலூர் சாலையில் இருந்த அந்தக் கடை, டயர் கம்பெனியின் சார்பில் கூடுதல் வாரண்டி கொடுத்தது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அங்கேயே டயர்களை இடம் மாற்றி, சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று மெஷினில் அலைன்மென்ட் பார்த்து, அட்டையில் பதிய வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வாரண்டி செல்லாது. தொழிற்சாலையில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. வீட்டிலும் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஆனாலும் மூன்றாவது முறையைச் சோம்பலில் விட்டுவிட்டேன்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு டயரின் ரப்பர் வீங்கிப் பிரிந்தது. கடை முதலாளி இல்லாத நேரம் பார்த்து, அட்டையை மெக்கானிக்கிடம் நீட்டினேன். அவர் அஞ்செட்டிப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர்.

"ஓனருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் சார்."

"யாருக்குண்ணா தெரியப்போவுது? ஒரு வரிதானே."

அவர் தயங்கினார். பிறகு, "தேதி நீங்களே சொல்லுங்க. படிச்சவங்க, தப்பா சொல்ல மாட்டீங்க" என்று பேனாவை எடுத்தார்.

இரண்டாவது பதிவிலிருந்து எத்தனை நாளில் ஐயாயிரம் ஓடியிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு ஒரு தேதியைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, கடை திறந்திருக்கும் என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

டயரைச் சோதிக்க கம்பெனி ஆள் பெங்களூரிலிருந்து வந்தார். அட்டையைப் படித்தவர் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் சார், ஆயுத பூஜை அன்னிக்கும் உங்க கடையில மெஷின் ஓடுமா? எங்க ஆபீஸ் எல்லாம் லீவு."

முதலாளி சிரித்தார். "அன்னிக்கு மெஷினுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டிருந்தோம். ஸ்பேனரைக்கூட ஒருத்தரும் தொடல." சொல்லி முடிக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "யோவ், சாமியே எறங்கி வந்து அலைன்மென்ட் பண்ணிச்சா?"

மெக்கானிக் என்னைப் பார்க்கவில்லை. "வேலை செஞ்சேங்க. எழுத மறந்துட்டு, அப்புறமா தேதிய மாத்தி எழுதிட்டேன்" என்றார். என்னையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்தார்.

"சார், நீங்க அப்ப வண்டி விட்டீங்களா?" முதலாளி என்னிடம் கேட்டார்.

"சரியா ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

ஒரு தேதியைப் பற்றி நான் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். "ஆயுத பூஜை. டயர் கடை வழியாக வந்தபோது மெக்கானிக் கூப்பிட்டுப் பொரியும் வாழைப்பழமும் கொடுத்தார்." என் கையெழுத்துதான். அட்டையை நீட்டுவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

வாரண்டி மறுக்கப்பட்டது. மறுவாரம் அந்த வழியாகப் போனபோது மெஷினருகில் வேறொருவர் நின்றிருந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை. பின்னர், பழைய மெக்கானிக்கைக் கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் பார்த்ததாக என்னுடன் வேலை செய்த ஒருவர் சொன்னார். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்களா, அவராகவே போய்விட்டாரா என்பதை இதுவரை உறுதிசெய்யவில்லை. பாகலூர் சாலைக் கடையில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.