மதில் மேல் மாப்பிள்ளை, கீழே மல்லிகைப்பூ

நேற்று பாலக்காடு கோட்டைக்குப் போயிருந்தோம்!

சும்மா சுற்றிப் பார்க்க என்றுதான் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறோம். (பொய்.)

போனது என் அக்கா சுமதிக்கு மாப்பிள்ளை பார்க்க.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதற்கு முன்னால், இரண்டு குடும்பமும் ஏதாவது கோயிலில் "தற்செயலாக" சந்தித்துக்கொள்ளும். பிடித்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டுவிட்டு அவரவர் பஸ் ஏறலாம். யாருக்கும் மானக்கேடு இல்லை.

இந்த முறை இடம், கோட்டைக்குள் இருக்கும் ஆஞ்சநேயர் கோயில்.

ஒரே விதிதான். முன்கூட்டியே ஏற்பாடு செய்தது என்று காட்டிக்கொள்ளவே கூடாது! பஸ்ஸில் அப்பா ஒத்திகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அடடே, நீங்களா! இங்க எங்கீங்க இந்தப் பக்கம்?"

"இன்னுங் கொஞ்சம் சிரிச்சாப்புல சொல்லுங்க" என்றாள் அம்மா.

மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. லீவில் வந்திருக்கிறார். தரகர் அவர் போட்டோவை மட்டும்தான் அனுப்பியிருந்தார். அவரைப் பெற்றவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை.

கோட்டை வாசலில் அக்கா என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஏண்டி, அவரு என்னையும் மஸ்கட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரா, இல்ல அவங்கம்மாகிட்ட உட்டுட்டுப் போவாரான்னு கேட்டுப்போட்டு வா. உட்டுட்டுப் போறதுன்னா எனக்கு இந்த இடமே வேண்டாம்."

"நானா?"

"அப்பா கேக்க மாட்டாரு. நான் கேட்டா நல்லாருக்காது. உன்னைய யாருக்கும் தெரியாது."

(பத்தாவதோடு படிப்பை விட்டதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். அடுத்த தெருவுக்கே என்னைத் தெரியாது. நான் பேசுவதெல்லாம் இங்கே, இந்தப் போஸ்ட்களில் உங்களோடுதான்!)

கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. கோயிலுக்குள் போகாமல் நைசாக நழுவி மதில் மேல் ஏறினேன்.

அங்கே, போட்டோவில் பார்த்த அதே முகம்! தனியாக நின்று அகழியை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று ஃபோனை நீட்டினார்.

எடுத்தேன். அவசரத்தில் அவர் பாதிதான் விழுந்தார். கோட்டை முழுசாக விழுந்தது.

"பரவால்லீங்க, கோட்டை நல்லா வந்திருக்குது" என்றார். "மஸ்கட்டுல லீவு நாளானா ஏதாச்சும் கோட்டைக்குத்தான் போவோமுங்க. அங்க பாக்கற மலையெல்லாம் கோட்டைதான். நம்மூர்க் கோட்டைய இப்பத்தான் முதல்தடவை பாக்கறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாதவர்கள்போல இருக்க வேண்டும் என்பதுதானே விதி? தெரியாதவள் என்றால் என்ன வேண்டுமானாலும் கேட்கலாமே!

"அங்க கோட்டைக்கு யாரோட போவீங்க?"

"ரூம் பசங்களோடதானுங்க."

"அவங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு. சம்சாரத்தை ஊர்ல உட்டுட்டு வந்திருக்கறாங்க."

"நீங்களும் உட்டுட்டுத்தான் போவீங்களா?"

(கேட்டே விட்டேன்!)

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இல்லீங்க, கூட்டிட்டுத்தான் போவேன். அங்க வீடே பாத்து வெச்சுட்டு வந்துட்டேன். எங்கம்மாவுக்குத்தான் இன்னும் சொல்லலை. தெரிஞ்சா ஆடித் தீர்த்துருவாங்க. நீங்க சொல்லிப்போடாதீங்க!"

"உங்கம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்களே!" (இது மட்டும் சத்தியமான உண்மை.)

"அதா, மரத்தடியில பச்சைச் சேலை. வரவேண்டியவங்களை நொம்ப நேரமாக் காணோம்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறாங்க."

பார்த்தேன். பச்சைச் சேலை இருந்தது. பக்கத்தில் அப்பா இல்லை, அம்மா இல்லை, அக்கா இல்லை!

மூன்று பேரும் கோயில் வாசலில் வேறொரு குடும்பத்தோடு நின்றார்கள். அப்பா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மா, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து மல்லிகைச் சரத்தை எடுத்தார்.

எங்கள் பக்கம் பையனின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அக்கா வேறு வாகாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்!

ஓடினேன். பாதிச் சரிவிலேயே தெரிந்துவிட்டது, போய்ச் சேர்வதற்குள் பூ ஏறிவிடும்.

கத்தினேன்.

"அய்யோ, பூ வெக்காதீங்க! மாப்பிள்ளை மேல நிக்கறாரு! அக்கா, கூட்டிட்டுத்தான் போவாராமா! வீடே பாத்து வெச்சிருக்காராமா!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. பச்சைச் சேலையும்தான்.

மஞ்சள் சேலை அம்மா பூவோடு அப்படியே நின்றார். "அப்ப நீங்க கொடுவாயூர்க்காரங்க இல்லீங்களா?"

"நாங்க கொழிஞ்சாம்பாறைங்க" என்றார் அப்பா. வழிந்தார்.

அவர்களும் பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்! அவர்கள் பையன் கார் நிறுத்தப் போயிருந்தானாம்.

"பேரையாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்று அம்மா அப்பாவைக் கடிந்துகொண்டாள்.

"பேரைக் கேட்டா நடிப்புக் கெட்டுப்போகாதா?"

பச்சைச் சேலை அம்மா எழுந்து வந்தார். மதிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏண்டா, வீடு பாத்துட்டியா?"

"ஆமாம்மா!"

மேலே நின்றபடியே ஒப்புக்கொண்டார். (கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.)

அந்த அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "நீ என்ன சொல்ற கண்ணு?"

அக்கா மதிலைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் தரகர் ஃபோன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அவங்களுக்குப் புடிச்சிருச்சுங்க. முதல்ல கோவிச்சாங்க, அப்புறம் 'போறதுன்னா போகட்டும், எப்படியும் என் பேச்சக் கேக்கமாட்டான்'னுட்டாங்க. பொண்ணு நல்ல அடக்கமாம். ஒண்ணு மட்டும் சொல்லச் சொன்னாங்க..."

"என்னங்க?"

"அந்தத் தங்கச்சிதான் பயங்கர வாயாடியாமா!"

அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கிப் போனது.

இத்தனை வருடமாக என் போஸ்ட்டைப் படிக்கிறீர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நானா வாயாடி?!